பின்மூடியைத் திறந்துவிட்டு விலை பேசுங்கள்

எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு வாட்ச் மெக்கானிக்கின் மேசைக்கு எச்.எம்.டி. வரத்து கூடியது அதற்குப் பிறகுதான். பீரோ லாக்கரிலும் பழைய டிரங்குப் பெட்டியிலும் கிடந்த ஜனதா, பைலட், கோஹினூர், சோனா எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொண்டுவந்தவர்களில் பாதிப்பேர் அந்த வாட்சுகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பிறக்காதவர்கள். "ஓட வைக்க முடியுமாண்ணே?" என்பது அவர்களுடைய முதல் கேள்வி. "எல்லாம் ஒரிஜினல்தானா?" என்பது அடுத்தது. "இதே மாதிரி கறுப்பு டயல் பைலட் ஒண்ணு எங்கயாவது கிடைக்குமா?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தபோதுதான் அவர் கண்ணிலிருந்த லென்ஸை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரிப்பேருக்கு வருகிறவர் கேட்கிற கேள்வி அல்ல அது.

கடைக்குள் நாலு பேர் நிற்கத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்துக் கடைகள் ஷட்டர் தூக்காத நேரத்தில், வாசல்வரை ஆட்கள் நிற்பார்கள். வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர், சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் தம்பிகள், பல் டாக்டர் ஒருவர், ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர். கையில் கட்டியிருப்பது ஒன்று. பையில் துணி சுற்றிக் கொண்டுவந்தது இரண்டு மூன்று. மேசைக் கண்ணாடிமேல் அவர் ஒரு மஞ்சள் துணியை விரித்து வைப்பார். வாட்சுகள் அதன்மேல் வரிசையாக வந்து உட்காரும். பிறகு பேச்சு ஆரம்பமாகும். இருப்பதைக் காட்டிப் பேசுவது பாதி. வேண்டுவதைச் சொல்லிப் பேசுவது மீதி.

அந்த வரிசையில் ஜனதா இல்லாத ஞாயிறே கிடையாது. 1953-இல் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், அதாவது எச்.எம்.டி., 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்துக் கைக்கடிகாரம் செய்ய இறங்கியது. முதல் தொகுதி வாட்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பிறகு தும்கூர், ராணிபாக், ஸ்ரீநகர் என்று ஆலைகள் பெருகின. அதுவரை நல்ல வாட்ச் என்றால் வெளிநாட்டுச் சரக்குதான். அதை வாங்க வசதியும் வேண்டும், ஆளும் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்க ஆலையிலிருந்து ஜனதா வந்த பிறகு எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனின் மணிக்கட்டில் அது ஏறியது. மாப்பிள்ளைச் சீர்த் தட்டில் ஏறியது. தறி நெய்கிறவர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லார் கைக்கும் வந்தது.

டயல் எளிமையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மெஷின் அலட்சியமான சரக்கு அல்ல. 0231 என்ற எண் கொண்ட அது சிட்டிசன் வடிவமைப்பிலிருந்து வந்தது. 17 கற்கள். கீழே விழுந்தால் பேலன்ஸ் ராடு உடையாமல் காக்கும் பாரா ஷாக் அமைப்பு. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. ஓர் ஆண்டுக்கு 15 கோடியைத் தாண்டுகிறது. எண்ணெய் காய்ந்துபோன நிலையிலும் இந்த வேலையைப் பல ஆண்டு பார்த்துவிட்டு வந்த ஜனதாக்களை அவர் திறந்திருக்கிறார். கழுவி எண்ணெய் வைத்ததும் அவற்றில் பெரும்பாலானவை எழுந்துகொண்டன. ஜனதாமேல் அவர் வைத்திருக்கும் மரியாதை ஏக்கத்தில் வந்ததல்ல. திறந்து பார்த்ததில் வந்தது.

திறந்து பார்க்கும் உரிமையே அவருக்குச் சீக்கிரம் கிடைக்கவில்லை. குருநாதரின் கடையில் சேர்ந்தபோது கொடுக்கப்பட்ட வேலை ஸ்ட்ராப் மாற்றுவது, பின் போடுவது, கண்ணாடி பொருத்துவது. அடுத்து டைம்பீஸ். அலார டைம்பீஸின் சக்கரங்கள் பெரியவை. தப்பாகக் கை வைத்தாலும் திருத்திக்கொள்ளலாம். அதில் கை நிதானப்பட்ட பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பெட்ரோலில் கழுவ விட்டார்கள். மெயின்ஸ்பிரிங்கின் சக்தி சக்கரம் சக்கரமாக இறங்கி எஸ்கேப் வீலுக்கு வருவதையும், அங்கே பேலட் அதைத் தடுத்துத் தடுத்து விடுவதையும், பேலன்ஸ் வீல் முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளப்பதையும் அவர் சாமணத்தின் நுனியில்தான் படித்தார். தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கை மட்டும் குருநாதர் தொட விடவில்லை. அது சுருள் மாறினால் வாட்சின் குணமே மாறிவிடும். ஒரு துண்டு ஹேர்ஸ்பிரிங்கைக் கொடுத்து, வளைத்து நேராக்கி மறுபடி வளைக்கச் சொல்வார். கை சொன்ன பேச்சைக் கேட்கும்வரை அதுதான் பாடம்.

அவர் தொழில் படித்து முடித்த நேரத்தில் தொழிலே தடம் மாறிக்கொண்டிருந்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ, அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. இன்றைய குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். விநாடிக்கு 5 துடிப்பு எங்கே, 32,768 அதிர்வு எங்கே! சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15 விநாடி பிசகினாலே அதிகம். சுவிட்சர்லாந்தில் 1970-இல் வாட்ச் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் அது 30,000 அளவுக்குச் சுருங்கியது. 51 பாகங்களே கொண்ட பிளாஸ்டிக் ஸ்வாட்ச் 1983-இல் வந்து அந்த நாட்டின் தொழிலைத் தூக்கி நிறுத்தியது. அதுவும் குவார்ட்ஸ்தான்.

தமிழ்நாட்டுக்கு அந்த மாற்றம் ஓசூர் வழியாக வந்தது. டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையில் குவார்ட்ஸையே பிரதானமாக்கியது. கண்ணாடி அலமாரி வைத்த ஷோரூம், விதவிதமான டயல், மொசார்ட்டின் இசை ஒலிக்கும் விளம்பரம். சாவி கொடுக்கும் வாட்ச் பழசாகத் தெரிய ஆரம்பித்தது. ரிப்பேர் கடைகளில் சர்வீஸ் குறைந்து செல் மாற்றும் வேலை பெருகியது. அவரோடு தொழில் படித்தவர்களில் சிலர் செல்போன் ரிப்பேருக்குப் போனார்கள். சிலர் கடையையே மூடினார்கள். செல் மாற்றிக் கொடுத்தே அவரும் குடும்பத்தை நடத்தினார். ஆனாலும் டைட்டனை அவர் குறைத்துப் பேசுவதில்லை. 2002-இல் வந்த எட்ஜ் வாட்சின் மெஷின் 1.15 மில்லிமீட்டர் தடிமன். கேஸோடு சேர்த்தாலே 3.5 மில்லிமீட்டர். பின்மூடியைத் திறந்து அதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் ஓசூர்க்காரர்களுக்கு மரியாதை கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்பார்.

மஞ்சள் துணிமேல் இந்த வரலாறு முழுவதும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். சிங்கப்பூர், வளைகுடா போய் வந்தவர்கள் கட்டிக்கொண்டு இறங்கிய செய்கோ 5 இருக்கும். 1963-இல் வந்த இந்த வரிசை ஆட்டோமேட்டிக். கை ஆடினாலே சாவி ஏறிக்கொள்ளும். கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும். கீறல் விழாத உலோகத்தில் 1962-இல் வந்த ரேடோ டயாஸ்டார் இருக்கும். 1983-இல் பிறந்த ஜி-ஷாக்கும், 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூவும் இருக்கும். ஷேர் ஆட்டோக்காரரின் பெருமை அந்தக் கேசியோதான். "மழை, வெயில், தூசி எல்லாம் பார்த்துட்டுதுண்ணே. ஒரு நாளும் நின்னதில்ல" என்று அவர் கழற்றி வைக்கும்போது, பக்கத்தில் அதைப்போல நூறு மடங்கு விலையுள்ள சுவிஸ் வாட்ச் வைத்திருப்பவரும் கையில் எடுத்துப் பார்ப்பார். எந்த வாட்சையும் மட்டம் தட்டக்கூடாது என்பது அந்த மேசையில் எழுதப்படாத வழக்கம்.

வேண்டுவது என்று வரும்போது பேச்சு பெரிய பெயர்களுக்குத் தாவும். கடலுக்குள் முக்குளிப்பவர்களுக்காக 1953-இல் வந்த ரோலெக்ஸ் சப்மரைனர் ஒருவருக்கு வேண்டும். இன்னொருவருக்கு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். நாசா 1965-இல் சோதித்துத் தேர்ந்தெடுத்த வாட்ச் அது; 1969-இல் பஸ் ஆல்ட்ரின் கையோடு நிலவில் இறங்கியது. "அதுவும் சாவி கொடுக்கிற வாட்சுதான் தம்பி, உங்க தாத்தா ஜனதா மாதிரியே" என்று மெக்கானிக் சொன்னபோது, அந்தத் தம்பி தன் கையிலிருந்த ஜனதாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விலைப் பேச்சு வந்தால் பால் நியூமனின் பெயர் வராமல் இருக்காது. அந்த ஹாலிவுட் நடிகர் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. கவனமாக வண்டி ஓட்டும்படி மனைவி ஜோன் உட்வர்ட் பொறித்துக் கொடுத்த வாசகம் அதன் முதுகில் இருந்தது. அந்த வகை டயலைக் கடைகளில் ஒரு காலத்தில் யாரும் விரும்பி வாங்கவில்லை. இந்தக் கதையிலிருந்து அவர் எடுத்துச் சொல்வது ஒன்றுதான்: அந்த டயலை யாராவது "புதுசு பண்ணி" இருந்தால் அந்த விலை வந்திருக்காது.

அவர் குரல் உயர்வது இந்த இடத்தில்தான். பழைய டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, எழுத்தை மறுபடி அச்சிடும் ரீடயல் வேலையால் அழிந்த வாட்சுகளுக்கு இந்தியாவில் கணக்கில்லை. அதிகம் பலியானது ஃபாவ்ர் லூபா. 1737-இல் தொடங்கிய அந்த சுவிஸ் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. இரண்டு மூன்று தலைமுறை இந்தியர்களுக்குக் கௌரவமான வாட்ச் அதுதான். பின்னாளில், 2011-இல், அந்தப் பெயரை டைட்டனே வாங்கியது. அதன் சீ கிங், சீ சீஃப் மாடல்கள் ஆரஞ்சு, கிளிப்பச்சை, ரோஸ் என்று கம்பெனி ஒருநாளும் அடிக்காத நிறங்களில் ஆன்லைனில் வரிசையாக விற்பனைக்கு வரும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாலு வாட்சின் பாகங்களை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கிய ஃபிராங்கன் வாட்சுகள் இன்னொரு ரகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் கற்றுக்கொடுக்கும் முறை எளிமையானது. முதலில் லென்ஸ் வைத்து எழுத்தைப் பார்க்கவேண்டும். ஆலை அச்சில் ஓரம் கூர்மையாக இருக்கும்; கை வேலையில் மை பரவியிருக்கும். அடுத்து 6 மணிக்குக் கீழே, டயலின் விளிம்பு. சுவிஸ் வாட்சில் அங்கே பொடி எழுத்தில் இருக்கவேண்டிய 'சுவிஸ் மேட்' காணாமல் போயிருந்தாலோ கோணலாக இருந்தாலோ சந்தேகப்படலாம். பிறகு முள். நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடாமல் குட்டையாக நின்றால் அது வேறு வாட்சின் முள். செய்கோவாக இருந்தால் பின்மூடி எண்ணைப் படிக்கலாம். ஆறு இலக்கம் உள்ள வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம், அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்து. விற்கிறவர் சொல்லும் ஆண்டும் இந்த எண்ணும் பொருந்தாவிட்டால் மூடி மாறியிருக்கிறது. கடைசியாக மூடியைத் திறக்கவேண்டும். திருகாணித் தலைகள் கிழிந்திருந்தால், துரு பிடித்திருந்தால், டயலில் ஒரு பெயரும் மெஷினில் வேறு பெயரும் இருந்தால், டயல் எவ்வளவு பளபளத்தாலும் விலையைக் குறைத்துத்தான் பேசவேண்டும்.

பழைய டயல் மஞ்சள் பூத்திருக்கலாம், புள்ளி விழுந்திருக்கலாம். அது அந்த வாட்ச் வாழ்ந்த வாழ்க்கை. அதை அழித்த பிறகு திரும்பக் கொண்டுவர எந்த மெக்கானிக்காலும் முடியாது.

ஒரே ஒரு வகை டயலுக்கு மட்டும் அவர் எச்சரிக்கை சொல்வார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ வாட்சுகள், அவற்றில் வெஸ்ட் எண்ட் கம்பெனியின் சோவார் பிரைமா போன்றவையும் சேர்த்து, சிலநேரம் மேசைக்கு வரும். இருட்டில் ஒளிர அந்தக் காலத்தில் பூசியது நிஜமான ரேடியம். ஒளிரும் பூச்சு செத்துப் போயிருக்கும். ரேடியம் சாகாது, அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். மூடியிருக்கிற வரையில் பெரிய பயமில்லை. திறந்து அந்தப் பொடியைச் சுரண்டுவதும் மூச்சில் இழுப்பதும்தான் ஆபத்து. அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் உட்கார்ந்து யாரும் திறக்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

ஞாயிறுகளில் ஓயாத இன்னொரு வாக்குவாதம் நேரம் பற்றியது. "அண்ணே, ஒரு நாளைக்கு அரை நிமிஷம் லேட்டாகுது" என்று ஒருவர் குறைப்படுவார். ஒரு நாளில் 86,400 விநாடி. அதில் 30 விநாடி பிசகினால் பிழை 0.035 சதவீதம். சுவிட்சர்லாந்தில் கால அளவிச் சான்று பெறும் மெஷினே நாளுக்கு 4 விநாடி தாமதமாகலாம், 6 விநாடி முந்தலாம் என்பதுதான் விதி. அரை நூற்றாண்டு பழைய ஜனதா அரை நிமிடத்துக்குள் நிற்கிறது என்றால் அது நல்ல வாட்ச்.

இந்தக் கணக்கெல்லாம் காதால் கேட்டுச் சொன்ன காலம் போய், இப்போது அவர் மேசையில் டைம்கிராஃபர் இருக்கிறது. வாட்சைப் பிடிப்பில் மாட்டினால் அதன் சத்தத்தைக் கேட்டு, நாளுக்கு எத்தனை விநாடி கூடுகிறது, குறைகிறது, பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்று திரையில் கோடு போடும். நன்றாக சர்வீஸ் செய்த மெஷின் முழுச் சாவியில் 270 முதல் 300 டிகிரிவரை ஆடும். 200-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். இந்தக் கருவியை வாங்கச் சொல்லி வற்புறுத்தியவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்தான். ஒரே எண்ணெயை எல்லா இடத்துக்கும் வைத்த பழைய பழக்கத்தை விட்டு, வேகமாக ஆடும் பேலன்ஸ் முனைக்கு மெல்லிய மோபியஸ் 9010, மெயின்ஸ்பிரிங்குக்குத் தனி கிரீஸ் என்று அவர் மாறியதும் அவர்களால்தான். தொழில் அவருக்குச் சோறு போட்டது. அவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டுத் தொழிலைக் கூர்மைப்படுத்தினார்கள்.

திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் வேகமாக ஓடும் வாட்ச் இப்போது நிறைய வருகிறது. பெரும்பாலும் காரணம் காந்தம். ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த போன் உறை, லேப்டாப் மூடி இவற்றின் பக்கத்தில் வைத்தால் ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதன் நீளம் குறைந்துவிடுகிறது. வாட்சின் பக்கத்தில் ஒரு சின்னத் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். ஊசி ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. அதை இறக்கும் கருவி விலை மலிவு. வேலை ஒரு நிமிடம். இதற்குப்போய் முழு சர்வீஸ் என்று பணம் கேட்கிறவரிடமிருந்து விலகிவிடச் சொல்வார்.

கற்களைப் பற்றியும் பலருக்கு மயக்கம் உண்டு. வாட்சுக்குள் இருப்பது ஆலையில் செய்த செயற்கை மாணிக்கம். தேய்மானத்தைக் குறைக்கத்தான் அது இருக்கிறது. சாவி கொடுக்கும் வாட்சுக்கு 17 போதும். 1960-களில் ஓரியன்ட் 100 கல் வைத்து ஒரு வாட்ச் செய்தது. அதில் பெரும்பகுதிக்கு வேலை ஏதும் கிடையாது. தண்ணீர் விஷயமும் அப்படித்தான். மூடியில் 30 மீட்டர் என்று இருந்தால் மழைத் தூறலுக்கும் கை கழுவுவதற்கும் தாங்கும், கிணற்றில் குதிக்க அல்ல.

இன்று அவரை உறுத்துவது உதிரிபாகம். எச்.எம்.டி. மூடிய பிறகு 0231-க்குப் புதிய பேலன்ஸ் ராடோ சாவிக் கம்பியோ ஆலையிலிருந்து வராது. பழைய கடைகளில் மிச்சம் இருக்கும் டப்பாக்களும் செத்த வாட்சுகளும்தான் வழி. அதனால் வாட்ச் பிரியர்கள் இப்போது ஓடாத ஜனதாவைக்கூட வீசுவதில்லை. கொண்டுவந்து அவரிடம் கொடுக்கிறார்கள். யாருடையதோ ஒன்றின் சக்கரம் வேறொருவரின் அப்பா வாட்சை ஓட்டுகிறது. யாரிடம் எது இருக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் தெரிந்துவிடுவதால்தான் இது நடக்கிறது. கோஹினூர் வைத்திருப்பவரிடம் பைலட்டின் முள் இருக்கும். பைலட் வைத்திருப்பவரிடம் கோஹினூரின் சாவி இருக்கும். வீட்டில் தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்தால் இரண்டுமே ஓடியிருக்காது.

வீட்டில் நின்றுபோன வாட்ச் ஒன்று இருந்தால், வாசகர்கள் அதற்குச் செய்யவேண்டியது அதிகமில்லை என்கிறார் அவர். சாவியை வலிந்து திருகாதீர்கள். டயலை மாற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மெஷின் வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய், உங்கள் கண்ணெதிரில் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். என்ன செய்தார், எந்தப் பாகத்தை மாற்றினார், எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி வாட்சோடு வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். நாலைந்து ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் போதும். மாதத்துக்கு ஒரு முறையாவது சாவி கொடுத்துக் கையில் கட்டுங்கள். உங்கள் ஊரில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள விரும்பும் பையனோ பெண்ணோ இருந்தால் அருகிலுள்ள பழைய மெக்கானிக்கிடம் அனுப்பி வையுங்கள். இந்த மதுரை மெக்கானிக்கின் கடையிலும் இரண்டாவது முக்காலி ஒன்று காலியாக இருக்கிறது.